பிரிந்தவர்களைப் பாடுவது யார்?



மலாக்கா மாநிலத்தில் உறவின் பிரிவைப் பாடும் பாட்டு வகை இரண்டு உண்டு. ஒன்று, மலாய் மொழியில் பாடப்படும் ‘டொண்டாங் சாயாங்’. மற்றொன்று, நம் தோட்டத்துப் பெண்கள் இழவு வீடுகளில் பாடிய ஒப்பாரி. முதல் பாட்டுக்கு மேடை உண்டு, விழா உண்டு, உலக அறிந்தேற்பும் உண்டு. இரண்டாவது பாட்டைப் பாடத் தெரிந்தவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிலும் பலர் பாடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஒப்பாரியைப் பற்றி எழுதினால் ‘நல்ல நாளும் அதுவுமாக இதென்ன பேச்சு’ என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும், உறவுமுறைச் சொற்களைப் பாடமாகக் கற்பிக்கும் நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

தமிழை இழந்தவர்களின் பாட்டு

டொண்டாங் சாயாங்கை யுனெஸ்கோ நிறுவனம் 2018-ஆம் ஆண்டு மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. மலாக்காவில் இக்கலையைப் பேணி வருவோர் என அங்கே நான்கு சமூகத்தார் குறிக்கப்பட்டுள்ளனர்: மலாய்க்காரர், பாபா நியோன்யா, செட்டி, போர்த்துகீசிய வழித்தோன்றல்கள். இவர்களுள் மூன்றாவதாக நிற்கும் மலாக்கா செட்டிகள் நம்மவர்கள். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வாணிகத்திற்கு வந்து, இங்குள்ள பெண்களை மணந்து, இந்த மண்ணிலேயே நிலைத்துவிட்ட தமிழ் வணிகர்களின் வழியினர்.

காஜா பெராங் பகுதியில் உள்ள அவர்களுடைய சிற்றூருக்குச் சென்றவர்கள் அறிவார்கள். வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கும்; உள்ளே பேச்சு மலாய் மொழியில் நடக்கும். பெயரின் பின்னால் பிள்ளை என்றோ செட்டி என்றோ இருக்கும். தமிழில் ஒரு கேள்வி கேட்டால் புன்னகைதான் விடையாக வரும். மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோயிலாகக் கருதப்படும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781-இல் எழுந்தது. அது இவர்களுடைய கோயிலே. பொங்கலுக்கு முந்தைய நாளில் ‘பார்ச்சு’ என்னும் படையலை இட்டு, மறைந்த முன்னோர்க்கு வாழையிலையில் உணவு வைத்து வணங்குகிறார்கள். மொழி கைவிட்டுப் போன பின்னும் முன்னோரோடு உள்ள உறவை அவர்கள் விடவில்லை.

டொண்டாங் சாயாங் என்பது இருவர் மாறி மாறிப் பாடும் காதற்பாட்டு. பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பாடுவர். வயலினும் ரெபானா என்னும் தோற்கருவியும் கோங்கும் உடன் ஒலிக்கும். பாட்டின் உடல் ‘பந்துன்’ என்னும் நான்கடிச் செய்யுள். அதன் முதலிரண்டு அடிகள் ஒரு பூவையோ படகையோ கடலையோ பற்றிப் பேசும். பின்னிரண்டு அடிகள் நெஞ்சில் உள்ளதைச் சொல்லும். நம் சங்க அகப்பாடல்களில் கருப்பொருளைக் காட்டி உள்ளத்தை உணர்த்தும் முறையைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

‘சாயாங்’ என்னும் மலாய்ச் சொல்லை நம் மாணவர்கள் நாள்தோறும் கேட்கிறார்கள். அன்பு என்பது அதன் முதற்பொருள். ஒன்று வீணாகிப் போனாலோ கைநழுவிப் போனாலோ ‘ஐயோ, பாவமே’ என்று இரங்கும்போதும் மலாய்க்காரர் அதே சொல்லையே சொல்லுவர். அன்பும் இழப்பும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. நம் மொழியிலும் இதற்கு இணையுண்டு. ‘இரங்கல்’ என்றால் அழுது புலம்புதல். ‘இரங்குதல்’ என்றால் அருள் கொள்ளுதலும் ஆகும். கடலும் கடல் சார்ந்த இடமும் ஆகிய நெய்தல் திணைக்கு முன்னோர் வகுத்த உரிப்பொருள் இரங்கலே. கடற்கரை நகரமான மலாக்காவில் இரங்கற்பாட்டு இன்றும் வாழ்வது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பாடும் நம்மவர்கள் தமிழை இழந்தவர்கள். தமிழை இழக்காத நாம் நம்முடைய இரங்கற்பாட்டை இழந்துகொண்டிருக்கிறோம். என்னை எழுதத் தூண்டியது இந்த முரண்தான்.

தோட்டத்தின் பாட்டு

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதன்முதலில் பயிரிடப்பட்டது நம் மலாக்காவில்தான். 1896-ஆம் ஆண்டு டான் சாய் யான் என்னும் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். அதன் பிறகு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களெங்கும் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. மரத்தோடு மனிதர்களும் வந்தார்கள். சஞ்சிக் கூலி முறை 1910-இல் முடிவுற்றது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரையில் ஊரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அவ்வாறு வந்தவர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தது மிகக் குறைவு. தாலாட்டும் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் சுமையில்லாத சொத்துகள். அவை கப்பலேறி வந்தன. பால்மரக் காட்டில் நடவு இல்லாமையால் நடவுப்பாட்டு தேய்ந்தது. பிறப்பும் இறப்பும் தோட்டத்திலும் இருந்தமையால் தாலாட்டும் ஒப்பாரியும் நிலைத்தன.

ஒப்பாரி எவ்வாறு பாடப்பட்டது என்பதை இளம் ஆசிரியர்கள் பலர் கண்டிருக்கமாட்டார்கள். ஆதலால் சற்று விளக்குகிறேன். பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு, தலை சாய்த்துக்கொள்வர். ஒருத்தி எடுத்துப் பாடுவாள். அடியின் முடிவில் மற்றவர்களும் சேர்ந்து குரல் நீட்டுவர். இறந்தவரை உறவுமுறை சொல்லி விளிப்பாள். அவர் இருந்தபோது வாழ்ந்த வாழ்வை ஒரு கண்ணியில் உயர்த்திச் சொல்லுவாள். அவர் இல்லாத நிலையை அடுத்த கண்ணியில் அதற்கு எதிராக நிறுத்துவாள். அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் ஒப்புச் சொல்லி அழுவதாலேயே ஒப்பாரி எனப்பட்டது என்பர். எழுத்தறியாத பெண்கள் எதுகையும் மோனையும் பிழையாது அங்கேயே பாட்டைக் கட்டினார்கள். இவ்வகைப் பாடல்களின் அருமையை உணர்ந்த பேராசிரியர் நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுதியில் ஒப்பாரிக்கும் இடமளித்தார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக நான்கினைக் கூறுகிறார். பிறரால் இகழப்படுதல், உயிரையோ பொருளையோ இழத்தல், பழைய நிலையினின்று தாழ்தல், வறுமை என அவற்றை இக்காலத் தமிழில் சொல்லலாம். தோட்டத்து ஒப்பாரியில் இந்நான்கும் ஒருங்கே வந்தன. தண்டலின் ஏச்சு வந்தது. கடலுக்கு அப்பால் விட்டு வந்த தாய் வந்தாள். ஊரில் இருந்த காணி நிலம் வந்தது. மழைக்காலத்தில் வேலையில்லாமல் அடுப்பு எரியாத நாளும் வந்தது. இறந்து கிடப்பவர் பக்கத்து வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம். பாட்டில் வருவது பாடுகிறவளின் வாழ்க்கையே.

இது என் கற்பனையன்று. இசபெல் கிளார்க்-டெசே என்னும் மானுடவியலாளர் தமிழ்நாட்டில் இழவுப் பாடல்களை ஆராய்ந்து 2005-இல் ஒரு நூல் வெளியிட்டார். செத்தவர்க்காக எவரும் அழுவதில்லை என்பதே அந்நூற்பெயரின் பொருள். இழவு வீட்டில் பாடும் பெண்கள் தங்கள் சொந்தத் துயரத்தையே பாடுகிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. முதலில் கேட்கும்போது இது கடுமையாகத் தோன்றும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கோ, இது தெரிந்த செய்திதான்.

பாட முடியாத பிரிவுகள்

என் பாட்டிக்கு ஓர் அக்காள் இருந்தார். பெரிய பாட்டி என்றழைப்போம். ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். அவருடைய கணவரை 1943-இல் சப்பானியர் சயாமுக்கு அழைத்துச் சென்றனர். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லித்தான் அழைத்தார்களாம். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருந்தது.

சயாம்–பர்மா இரயில் பாதையின் வரலாற்றை நாம் அறிவோம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்று இணைந்தன. அப்பணியில் ஏறக்குறைய 13,000 போர்க்கைதிகளும், 80,000 முதல் 1,00,000 வரையிலான ஆசியத் தொழிலாளர்களும் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அத்தொழிலாளர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் மிகப் பலர். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கென்று கல்லறைத் தோட்டம் இருக்கிறது; பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. நம் நாட்டு எழுத்தாளர்கள் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலையும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவலையும் எழுதி அவர்களை எழுத்தில் நிறுத்தினார்கள்.

போர் முடிந்ததும் தப்பிப் பிழைத்தவர்கள் சிலர் தோட்டத்திற்குத் திரும்பினர். ‘உன் புருசன் என் கண்முன்னால்தான் போனான்’ என்று அவர்கள் சொன்ன வீடுகளில் ஒப்பாரி எழுந்தது, தாலி இறங்கியது, கருமாதி நடந்தது. பெரிய பாட்டியிடம் அவ்வாறு சொல்ல ஒருவரும் இல்லை. ‘முகாமில் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை’ என்று ஒருவர் மட்டும் சொன்னாராம். ஆகவே அவர் தாலியைக் கழற்றவில்லை. நெற்றிக் குங்குமத்தையும் அழிக்கவில்லை. கணவருக்கென ஓர் ஒப்பாரியும் பாடவில்லை. பாடினால் அவர் இறந்தார் என்று தாமே முடிவு செய்தது போலாகும் அல்லவா?

ஆனால் தோட்டத்தில் யார் வீட்டில் இழவு விழுந்தாலும் முதலில் போய் உட்காருபவர் அவர்தான். கிழவர் இறந்தாலும் குழந்தை இறந்தாலும் அவர் பாட்டில் ஓர் இரயில் வரும். ஆறிப்போன சோறு வரும். அப்பன் முகம் தெரியாமல் வளர்ந்த பெண் வரும். இழவு வீட்டாருக்கும் அது யாருடைய பாட்டு என்பது தெரியும். அவர்கள் தடுத்ததில்லை. தங்கள் வீட்டுச் சாவை அவருக்குச் சில நாழிகை இரவல் கொடுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பெரிய பாட்டி 1988-இல் காலமானார். தாலி கழுத்தில் இருக்கும்போதே போன சுமங்கலியாக அவரைக் கிடத்தி மஞ்சள் பூசினார்கள். அன்று அவருடைய மகள், எனக்குப் பெரியம்மா, தாயின் தலைமாட்டில் அமர்ந்து பாடினார். தாய்க்குப் பாடத் தொடங்கியவர், நடுவில் ‘அப்பா’ என்று விளித்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளாக யாரும் பாடாத ஒப்பாரி அன்றுதான் பாடப்பட்டது. சுற்றியிருந்த முதிய பெண்கள் ஒரே குரலில் அடியை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மனிதர் இறந்தார் என்று உறுதி செய்வதற்குச் சான்றிதழ் இல்லாத இடத்தில், அவர் மகளின் பாட்டு அந்த வேலையைச் செய்தது.

பாட முடியாத பிரிவு இன்னொன்றும் எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்தது. 1969 மே கலவரத்திற்குப் பின், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமச்சீட்டுப் பெறவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் நாடு திரும்பினர். அறுபதாயிரம் பேர் வரை என்பது நூல்களில் வழங்கும் கணக்கு. எங்கள் தாத்தாவின் தம்பியும் அவர்களில் ஒருவர். மனைவியையும் இளைய பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு 1970-இல் புறப்பட்டார். மணமாகிவிட்ட மூத்த மகள் இங்கேயே தங்கினாள்.

பூலாவ் செபாங்கில் உள்ள தம்பின் இரயில் நிலையத்தில் வழியனுப்பினார்கள். அங்கிருந்து வடக்கே சென்று, பினாங்கில் ‘ரஜூலா’ கப்பல் ஏற வேண்டும். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம்மவர்களை ஏற்றி வந்தும் ஏற்றிச் சென்றும் ஓடிய கப்பல் அது. இரயில் வரும் நேரத்தில் கூட்டத்திலிருந்த முதியவள் ஒருத்தி குரலெடுத்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினாளாம். உடனிருந்த பெண்கள் அவள் வாயைப் பொத்திவிட்டார்கள். உயிரோடு இருப்பவர்க்கு ஒப்பாரி பாடலாகாது. பாடினால் அவர்க்கு ஆகாது. இதை என் தாயார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். பெண்கள் சத்தமின்றி அழுதார்கள், இரயில் போய்விட்டது, அவ்வளவுதான்.

சில ஆண்டுகள் கடிதம் வந்தது. பின்னர் ஒரு நாள் சாவுச் செய்தி வந்தது. படித்தவுடன் கடிதத்தைக் கிழித்தெறிந்து தலைமுழுகும் வழக்கப்படியே செய்தார்கள். மகள் அப்போதுதான் பாடினாள். உடல் இல்லை, பாடை இல்லை, பிறர் வந்து தோளில் கைபோட மட்டும் செய்தார்கள்.

இங்கேதான் இரு பாட்டுகளின் வேறுபாடு எனக்குத் தெளிவாகிறது. டொண்டாங் சாயாங் உயிரோடு பிரிந்தவரையும் பாடும். கைகூடாத காதலையும் பாடும். விருந்திலும் பாடலாம், விழாவிலும் பாடலாம். ஒப்பாரிக்கு ஒரு சாவு வேண்டும். சாவு இல்லாத வீட்டில் அதை முணுமுணுத்தாலும் பெரியவர்கள் அதட்டுவார்கள். இந்தக் கட்டுப்பாடுதான் அதற்கு வலிமை தந்தது. அதன் அழிவுக்கு வழியானதும் இதுவே.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகின. லயத்து வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் ஆயர் குரோ, பத்து பிரண்டாம், செங் என்று தாமான்களுக்குப் பிரிந்து சென்றனர். மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் இன்றும் ‘தோட்டம்’ இருக்கிறது. பிள்ளைகளோ பேருந்திலும் சிற்றுந்திலும் நகரங்களிலிருந்து வந்து இறங்குகிறார்கள்.

தாமான் வீட்டில் இழவு விழுந்தால் நிலைமை வேறு. சுவருக்கு அப்பால் பிற இனத்தவர் இருக்கிறார்கள். ‘சத்தம் போடாதீர்கள், என்ன நினைப்பார்கள்’ என்று படித்த பிள்ளைகளே பாட்டிமார்களை அடக்குகிறார்கள். ஒப்பாரி படிக்காதவர் செயல், நாகரிகமற்றது என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. அந்த இடத்தை ஒலிபெருக்கி நிரப்புகிறது. தேவாரமும் ஒலிக்கும், திரைப்பாடலும் ஒலிக்கும். 1962-இல் வெளிவந்த ‘பாத காணிக்கை’ படத்திற்காகக் கண்ணதாசன் எழுதி, டி.எம். சௌந்தரராஜன் பாடிய பாடலொன்று, எந்த உறவு எதுவரை உடன் வரும் என்று கேட்கும். இழவு வீடுகளில் அதைக் கேட்காதவர் நம்மிடையே குறைவு.

அது உயர்ந்த பாடல் என்பதில் ஐயமில்லை. நானும் கேட்டு உருகியிருக்கிறேன். ஆயினும் அது எல்லா உறவையும் பொதுவில் வைத்து நிலையாமையைக் கூறுகிறது. ஒப்பாரி அப்படிப் பேசாது. ‘இவர் எனக்கு அண்ணன், எனக்குச் சீர் கொண்டு வந்தவர், என் பிள்ளைக்குத் தாய்மாமன், இனி அந்த இடத்தில் யார் வந்து நிற்பார்?’ என்று ஒப்பாரி கணக்குக் கேட்கும். போன உறவு எது, அந்த உறவால் நடந்த காரியம் எது, இனி நின்றுபோகும் காரியம் எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் உறவுமுறையை நூலில் படித்துக் கற்றவர்கள் அல்லர். யார் யாரை எப்படி விளித்து அழுதார்கள் என்பதைக் காதால் கேட்டே நாத்தனாரையும் ஓரகத்தியையும் சகலையையும் சம்பந்தியையும் அறிந்தார்கள்.

இன்று ஐந்தாம் ஆண்டு மாணவனிடம் ‘தாய்மாமன்’ என்றால் யார் என்று கேட்டால் ‘அங்கிள்’ என்கிறான். அத்தையும் சித்தியும் பெரியம்மாவும் அவனுக்கு ‘ஆண்ட்டி’. இது பிள்ளைகளின் குற்றமன்று. ஒரு சொல் வாழ்வதற்கு அது வழங்கும் இடம் வேண்டும். அத்தகைய இடங்களில் திருமண வீடு ஒன்று. இழவு வீடு மற்றொன்று. இரண்டாவது இடத்தில் நாம் சொற்களை வாய்மூடச் செய்துவிட்டோம்.

வேறு நாட்டில் நிகழ்ந்ததையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்காவின் தென்பகுதிப் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்கள் குடும்பத்தையே இழந்தவர்கள். கணவன் ஓர் ஊருக்கும் மனைவி ஓர் ஊருக்கும் விற்கப்பட்டனர். அவர்களுடைய வழிபாட்டுப் பாடலிலிருந்தும் துயரப் பாடலிலிருந்தும் ‘புளூஸ்’ பிறந்தது. அதன் வழியே, 1950-களிலும் 60-களிலும் ‘சோல்’ என்னும் இசை எழுந்தது. சோல் என்றால் ஆன்மா. 1920-இல் மேமி ஸ்மித் என்னும் பாடகி புளூஸ் பாடலை இசைத்தட்டில் பதிவு செய்தார். அதன்பின் அத்தோட்டத்து மக்களின் துயரம் உலகெங்கும் கேட்டது. நம் ஒப்பாரிப் பெண்கள் அவர்களுக்கு எவ்வகையிலும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் இழவு வீட்டுக்கு வெளியே பாடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும்வரை இசைத்தட்டும் மேடையும் இதற்குப் பொருந்தமாட்டா. அந்தக் கட்டுப்பாட்டை மீறி ஒரு பாட்டியைப் பாடச் சொல்வதும் முறையன்று.

நாம் செய்யக்கூடியவை

ஆகையால் ஒப்பாரியை மாணவர்க்குச் சொல்லிக் கொடுங்கள் என்றோ, பள்ளி விழாவில் மேடையேற்றுங்கள் என்றோ நான் வேண்டமாட்டேன். அவ்வாறு செய்தால் முதலில் எதிர்ப்பவர்கள் அதைப் பாடத் தெரிந்த பாட்டிமார்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் எதிர்ப்பது நியாயமே. நான் கேட்பவை வேறு, அவை எளியவை.

முதலாவது, பெற்றோர்க்கு. உங்கள் வீட்டில் இழவு நேர்ந்தால், முதிய பெண்கள் வந்து அமர்ந்து குரலெடுத்தால், தடுக்காதீர்கள். ஒலிபெருக்கியைச் சற்று நேரம் நிறுத்தி வையுங்கள். அண்டை வீட்டார் கேட்டால் ‘எங்கள் பாட்டி என் தந்தைக்காகப் பாடுகிறார்’ என்று சொல்லுங்கள். டொண்டாங் சாயாங்கின் மண்ணில் வாழ்கிறவர்களுக்குப் பிரிவைப் பாடுவது புரியாமற் போகாது. பிள்ளைகளையும் அறைக்குள் அனுப்பிவிடாமல் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவதும் பெற்றோர்க்கே. கருமாதி முடிந்து வீடு அமைதியான பிறகு, பாடிய பாட்டியிடம் பேசுங்கள். பாட்டைத் திரும்பப் பாடச் சொல்ல வேண்டாம். ‘அன்று யாரையெல்லாம் விளித்தீர்கள்? அவர்கள் உங்களுக்கு என்ன முறை? எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள்? எப்போது பிரிந்தார்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். பெயர், முறை, ஊர், ஆண்டு என நான்கு பத்தியில் எழுதி வையுங்கள். எங்கள் குடும்பத்தில் அவ்வாறு எழுதியபோது இருபத்திரண்டு பெயர்கள் கிடைத்தன. அவர்களுள் ஒன்பது பேரைப் பற்றி எந்த அடையாள அட்டையும் புகைப்படமும் இல்லை. ஒரு மூதாட்டியின் பாட்டில் மட்டுமே அவர்கள் இருந்தார்கள்.

மூன்றாவது, ஆசிரியர்க்கு. உறவுமுறைப் பாடம் வரும்போது பயிற்றியில் உள்ள படத்தோடு நிறுத்திவிடாமல், மாணவர் தம் குடும்பத்தையே வரைந்து வரட்டும். இறந்தவர்களையும், ஊருக்குத் திரும்பியவர்களையும், எங்கே இருக்கிறார் என்று தெரியாதவர்களையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு மாணவி தன் கொள்ளுத் தாத்தாவின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘சயாம்’ என்று மட்டும் எழுதி வந்தாள். வகுப்பில் வேறு இருவர் எழுந்து ‘எங்கள் வீட்டிலும் உண்டு, ஐயா’ என்றார்கள். அன்று வரலாறும் தமிழும் ஒரே பாடவேளையில் நடந்தன.

நான்காவது, இயலுமாயின் மாணவர்களைக் காஜா பெராங்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள செட்டி அருங்காட்சியகத்தைக் காட்டுங்கள். தமிழ் பேசாத தமிழர் என்று அவர்களை ஏளனமாகப் பார்க்கும் வழக்கம் நம்மில் சிலர்க்கு உண்டு. அது தவறு. மொழி போன பின்னும் ஐந்நூறு ஆண்டுகளாக முன்னோர்க்கு இலை போட்டு வருகிறவர்கள் அவர்கள். மொழி நம்மிடம் இருக்கிறது. மூன்று தலைமுறைக்கு முந்தியவர் பெயரை நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும் என்பதை அங்கே நின்று மாணவர்களோடு சேர்ந்து நாமும் எண்ணிப் பார்க்கலாம்.

பெரியம்மாவுக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. செவி மந்தம், நினைவு தெளிவாக இருக்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் நான் கொண்டு சென்ற பட்டியலைப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் முறையைத் திருத்தினார். விட்டுப்போன ஒரு பெயரையும் சொன்னார். தந்தையின் பெயருக்கு நேரே ஆண்டு என்னவென்று எழுதுவது எனக் கேட்டேன். ‘போன ஆண்டைப் போடு, அது தெரியும்’ என்றார். 1943 என்று எழுதிக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் இத்தகைய பட்டியல் ஒன்று யாரோ ஒருவர் நெஞ்சில் இருக்கும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளும் காலம் நமக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளது.